உளுந்து வயலில் நின்ற ராட்டினம்

ராட்டினம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், நீங்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். போன மாதம் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்த நேரத்திலும் அதுதான் நடந்தது. நம்ம வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒருவர் எட்டுக் குதிரை என்கிறீர்கள், ஒருவர் நாலு குதிரை நாலு யானை என்கிறீர்கள், திருவிழா ஐந்து நாளும் ஓடியது என்று இன்னொருவர் சத்தியம் பண்ணுகிறீர்கள். ஒருவருக்கும் ஒன்றும் சரியாக ஞாபகம் இல்லை. சிரிப்பு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

குதிரை ஐந்து. யானை ஒன்று. சிங்கம் ஒன்று. எட்டாவது இடத்தில் விலங்கே கிடையாது, கைக்குழந்தைக்காரிகள் உட்கார ஒரு மரத்தொட்டி. ஐந்து நாள் ஓடவில்லை. ஒன்றரை நாள்தான் ஓடியது. அது நின்றது எங்கள் வயலில். அதனால் எனக்குத் தெரியும்.

அன்று மண்டபத்தில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை, கவனித்தீர்களா? ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. என்னோடு ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நான் அந்த ஐந்தோடு சரி. அவள் மேலே படித்து, ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி ஆண்டாள். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அவளே திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது. ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நடுவில் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

என் சுபாவம் அப்போதும் இதுதான். எதைப் பார்த்தாலும் "வேணாம்" என்பேன். வாய்க்கால் பாலத்தில் கைப்பிடி இல்லை, அந்த வழி வேணாம். பஸ் டிரைவர் கொட்டாவி விடுகிறார், இந்த பஸ் வேணாம். மேகம் கறுத்திருக்கிறது, அப்பா வெளியே போக வேணாம். ஊரில் எனக்கு 'வேணாம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடைக்குப் போனால், "வாம்மா வேணாம், என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

அது ஆட்சி மாறிப் புது சர்க்கார் வந்திருந்த காலம். ஊருக்கு ஊர் புதுக் கொடிக்கம்பங்கள் முளைத்திருந்தன. ஒன்றில் கறுப்பு சிவப்பு, பத்தடி தள்ளி இன்னொன்றில் முழுச் சிவப்பு. அறுப்புக் கூலிக்காகத் தகராறு, வெளியூர் ஆளை இறக்கியதற்காகத் தகராறு. தை அறுப்பு போலீஸ் காவலோடுதான் நடந்தது. அதே சமயத்தில் இன்னொரு சட்டமும் வந்திருந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று. பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் நம்மைக் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த போகத்தில் வயல் யாரோ, நாம் யாரோ.

அப்பா பதினொரு வருஷமாகப் பண்ணை ஐயாவின் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதுவும், அம்மா நடவுக்குப் போவதும் சேர்ந்துதான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. குத்தகை வாய்ப்பேச்சுதான், துண்டுக் காகிதம் கிடையாது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சிவப்புக் கொடிச் சங்கத்தில் இருந்தவர். அவர்தான் மனு எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கித் தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். ஆபீசர் நேரில் வந்து வயலைப் பார்ப்பார் என்று பதில் வந்திருந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிப் பதிவு, அவ்வளவுதான்.

இதில் ராட்டினம் எங்கே வந்தது என்கிறீர்களா? அதைச் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

வழக்கமாக மாரியம்மன் திருவிழாவுக்கு ராட்டினம் கோவில் திடலில்தான் நிற்கும். அந்த வருஷம் திடலில் போலீஸ்காரர்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தார்கள். பண்ணை ஐயா அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். போனவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"இந்த வருஷம் ராட்டினம் நம்ம வயல்லதான் நிக்கப்போவுது. சாமி காரியம், பாத்து செய்யிப்பான்னு ஐயாவே சொல்லிட்டாரு."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "செடி பூத்துப் பிஞ்சு எறங்கி நிக்குதுங்க. இன்னும் ஒரு மாசம் பொறுத்தா உளுந்து வீட்டுக்கு வந்துரும்."

"உளுந்து என்னடி உளுந்து? நம்ம வயல்னு ஐயா வாயாலயே சொன்னாரு. அது எவ்ளோ பெரிய வார்த்தை, தெரியுமா? பதிவு விஷயத்தையும் நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு."

"வேணாம்ப்பா" என்றேன் நான். ராட்டினம் சாய்ந்து விழுந்துவிடுமோ என்பது என் கவலை.

"ஆரம்பிச்சிட்டா" என்றார் அப்பா.

நம்ம பக்கத்தில் நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். நெல் போன பிறகு, அந்த ஈரத்திலேயே அது முளைத்து, பனியைக் குடித்து, தாளுக்கு நடுவில் காய்த்துவிடும். தனி உழவு இல்லை, தனித் தண்ணீர் இல்லை. பூத்து நின்ற அந்தச் செடியைத்தான் அப்பாவும் அம்மாவும் நானும் ஒரு பகல் முழுக்கக் குனிந்து குனிந்து பிடுங்கினோம். மாட்டுக்குப் போட்டது போக மீதியை அக்கம்பக்கத்து மாடுகளும் தின்றன. ராட்டின வண்டி உள்ளே வர வேண்டுமென்று அப்பா ரோட்டுப் பக்கத்து வரப்பையும் மண்வெட்டியால் வெட்டித் தள்ளிச் சமன் பண்ணினார். மடையைத் தூர்த்தார். ஒரு வயலைத் திடலாக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையையும் தன் கையால் செய்தார். யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

ராட்டினக்காரர் கும்பகோணத்துப் பக்கம். இரண்டு மாட்டுவண்டியில் ராட்டினம் வந்து இறங்கியது. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே அதை அவர் ஒன்றொன்றாகப் பூட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன பெரியவர் அந்தத் திருவிழாவில் அவர் ஒருவர்தான்.

"இந்தத் தூணு முறிஞ்சிறாதா?"

"பாப்பா, இது முத்துப்பேட்டைப் பக்கம் கடல்ல ஓடுன படகோட பாய்மரம். புயல்ல படகு போயிருச்சு, மரம் கரைக்கு வந்துருச்சு. கடல்லயே முறியாதது ஒன் வயல்லயா முறியப்போவுது?"

அவருடைய அப்பா காலத்தில் ராட்டினம் என்றால் ஒரு கம்பு, குறுக்கே ஒரு சட்டம், இரண்டு முனையிலும் கயிற்றுத் தொட்டில், அவ்வளவுதானாம். ஒருவர் ஏறினால் எதிர்ப்பக்கம் அதே கனத்துக்கு இன்னொருவர் ஏற வேண்டும். இவர் தலையெடுத்த பிறகுதான் எட்டுச் சட்டம் போட்டாராம். தூண் நின்று சுழல்கிற இரும்புக் கிண்ணம், மூடிப்போன ஒரு ரைஸ் மில்லின் கழித்த சாமான். மேலே விரிகிற குடைத் துணி டூரிங் டாக்கீஸ் கூடாரத்தைக் கிழித்துத் தைத்தது. குதிரைகளை, கோவில் வாகனம் செய்கிற ஆசாரி செய்துகொடுத்தாராம். அதனால்தான் அவற்றின் முகம் அத்தனை கம்பீரமாக, சாமி வந்து ஏறட்டும் என்று காத்திருப்பது போல் இருந்தது. சாமிக்குப் பதிலாக நாம் ஏறினோம், மூக்கைச் சிந்திக்கொண்டு. கிண்ணத்தில் விளக்கெண்ணெயை ஊற்றி அவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். முதலில் 'கர்ர்' என்று முனகிய தூண், பிறகு சத்தமில்லாமல் சுழன்றது. சூடான விளக்கெண்ணெயின் நெடியும் புதுப் பெயிண்டின் நெடியும் சேர்ந்து வரும் வாசனையை இப்போது எங்காவது முகர்ந்தாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

ஒரு விஷயத்தை நீங்கள் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டீர்கள். தூணுக்குப் பக்கத்தில் தள்ளுகிறவர்கள் சுற்றி நடக்கிற தடம். வெளியே வேடிக்கை பார்க்கிறவர்கள் நிற்கிற இடம். இரண்டுக்கும் நடுவில், குதிரைகள் தொங்குகிற வட்டத்துக்கு நேர் கீழே, யார் காலும் படாது. பொழுது சாய்ந்துவிட்டதால் வயல் நடுவில் கொஞ்ச இடத்தில் நாங்கள் செடி பிடுங்கியிருக்கவில்லை, ராட்டினம் அங்கேதான் நின்றது. "அது கெடக்கட்டும்ங்க, அங்க யாரு மிதிக்கப் போறா" என்று ராட்டினக்காரர் சொல்லிவிட்டார். தூசியும் மிதிபாடுமாக இருந்த வயல் நடுவில் ஒரு பச்சை வளையம். குதிரையில் உட்கார்ந்தால் அந்த உளுந்துச் செடி காலில் உரசும். உளுந்துக் காயில் பொடி மயிர் இருக்கும், தெரியுமில்லையா? சுற்றச் சுற்ற அது உள்ளங்காலில் குறுகுறுக்கும். நீங்கள் சிரித்தது ராட்டினத்தால் இல்லை. எங்கள் வீட்டு உளுந்தால்.

தள்ளியவர்கள் நாலு பேர், தெற்குத் தெருக்காரர்கள். அந்த வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் அப்பா கூப்பிட்டு வருஷா வருஷம் வந்தவர்கள். முன்னால் தள்ளியவர் என் பெஞ்சுத் தோழியின் அப்பா. கூலி பேசும்போதே அவர் ராட்டினக்காரரிடம் ஒன்று சொல்லியிருந்தார்: எங்க புள்ளைங்களும் தெனம் ஏறும், கடைசியில இல்ல, எல்லாரோடயும். ராட்டினக்காரர் தலையாட்டிவிட்டார். முதல் நாள் அப்படியே நடந்தது. என் அம்மாவே, "அவங்க எறங்கட்டும், அடுத்த சுத்துல ஏறு" என்று என் காதில் சொன்னாள். நான் கேட்கவில்லை. அடுத்த சுற்றில் கயிறு அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து இதே சுற்றில் ஏறிக்கொண்டேன். என் பயத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இரண்டாம் நாள் பிற்பகல் தஞ்சாவூரிலிருந்து கார் வந்தது. பண்ணை ஐயாவின் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர் இறங்கினார்கள். அப்போது ராட்டினத்தில் எட்டு இடமும் நிறைந்திருந்தது. என் முன் குதிரையில் தோழி. தூண் மெதுவாக நகரத் தொடங்கியிருந்தது.

அப்பாவை நினைத்துப் பாருங்கள். அன்று அவர்தான் அந்த இடத்துக்கு எஜமானர் என்று அவருக்கு நினைப்பு. புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர், காரைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"நிறுத்து, நிறுத்து! எறங்குங்க புள்ளைங்களா. எறங்கு, எறங்கு. ஐயா வூட்டுப் புள்ளைங்க வந்திருக்கு. நீங்க அப்பறமா ஏறிக்கலாம்."

தெற்குத் தெருப் பிள்ளைகளை மட்டும் பார்த்துப் பார்த்து இறக்கினார். ஐந்து பேர். தோழி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அப்பா அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். குதிரையின் வலது காது ஒடிந்து அவள் கையோடு வந்துவிட்டது.

என்னை அப்பா இறக்கவில்லை. நானும் இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் 'வேணாம்' என்கிறவள் அன்று ஒரு வார்த்தை சொல்லாமல் குதிரைக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

தோழியின் அப்பா சட்டத்திலிருந்து கையை எடுத்தார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்ளோதானா? சரி. நீங்களே தள்ளிக்குங்க."

"அட, இதுக்குப் போயி ஏம்ப்பா கோவிச்சிக்கிற? ஒரு சுத்துதானே?" என்றார் அப்பா.

"ஒரு சுத்துதாங்க. நாங்களும் அதத்தான் கேட்டோம்."

நாலு பேரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். தோழி போகும்போது திரும்பிப் பார்த்தாள். கையில் குதிரைக் காது.

பண்ணை ஐயாவின் பேரப்பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து, "எப்ப சுத்தும்? எப்ப சுத்தும்?" என்று கூச்சலிட்டார்கள். ராட்டினக்காரர் கையைப் பிசைந்தார். அப்பா புதுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்து வந்து சட்டத்தைப் பிடித்தார். நாலு பேர் தள்ளுகிற ராட்டினத்தை அவரும் ராட்டினக்காரருமாகத் தள்ளினார்கள். நான் குதிரை மேல். எனக்கு முன்னால் அப்பாவின் முதுகு. அவர் பதினொரு வருஷம் உழுத வயலில், அவர் கையாலேயே வரப்பை வெட்டிய வயலில், மூச்சிரைக்க அவரே சுற்றிச் சுற்றி வந்தார். என் காலில் உளுந்து உரசிக்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் சொல்கிற அந்த ஐந்து நாள் ராட்டினம் அதோடு நின்றது. தள்ள வேறு யாரும் வரவில்லை.

மறுநாள் மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

"அத்தான், நாளைக்குக் காலைல ஆபீசர் வர்றாரு. உங்க ஐயா எதிர்மனு குடுத்திருக்காரு, தெரியுமா? அது சாகுபடி நிலமே இல்லையாம். திருவிழாத் திடலாம். ராட்டினம் நிக்கிறதையே அத்தாட்சியாக் காட்டியிருக்காரு."

அப்பா சிரித்தார். "போய்யா. ஐயா அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு. உங்க சங்கத்து ஆளுங்க கட்டிவிடுற கதை."

"நகலு எடுத்துப் பாத்துட்டுத்தான் வர்றேன். சரி, போனது போவட்டும். உங்களுக்குச் சாட்சி யாரு? நட்டவங்க, அறுத்தவங்க, அந்த நாலு பேருதான். எந்திரிச்சு இப்பவே தெற்குத் தெருவுக்குப் போங்க. ரெண்டு வார்த்தை தன்மையா சொல்லிட்டு வாங்க."

"என்னன்னு சொல்றது?"

"தப்பாப் போச்சுன்னு."

"நான் என்ன அடிச்சேனா? ஒரு சுத்து அப்பறம் ஏறச் சொன்னேன். அதுக்காகப் போயி நிக்கணுமா?"

"ஏங்க, போயிட்டு வாங்களேன். நானும் வேணா வர்றேன்" என்றாள் அம்மா.

"அவங்க வாசல்ல போயி என்னைய நிக்கச் சொல்றியா நீ?" என்று அவள் மேல் பாய்ந்தார். மாமா சைக்கிள் ஸ்டாண்டை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனார்.

நியாயம் கேட்டு ஒரு பக்கம் மனு. இன்னொரு பக்கம் அதே நியாயத்தை இன்னொருவன் கேட்டால் கோபம். அப்பாவை மட்டும் சொல்லவில்லை. நம்ம தெருவில் எந்த வீட்டில் அப்படி இல்லை, சொல்லுங்கள்.

அப்பாவுக்கு அன்று உறக்கமில்லை போலிருக்கிறது. விடியும்போதே என்னையும் அம்மாவையும் எழுப்பிவிட்டார். சர்க்கார் ஆபீசர் வருகிறார், இடம் அசிங்கமாகக் கிடக்கக் கூடாதாம். மூவரும் வயலுக்குப் போனோம். பொரிக் காகிதம், கரும்புச் சக்கை எல்லாம் பொறுக்கினோம். அம்மா விளக்குமாறு போட்டுக் கூட்டினாள். அசையாத குதிரைகளுக்குக் கீழே அந்தப் பச்சை வளையம் பனியில் நனைந்து நின்றது. அப்பா குனிந்து அதைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"வேணாம்ப்பா" என்றேன்.

"ஏன்? பாம்பு இருக்கா?"

எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. சாட்சி, அத்தாட்சி, திடல், சாகுபடி என்று மாமா பேசியதெல்லாம் காதில் விழுந்திருந்தது, ஒன்றோடொன்று சேரவில்லை. அந்த வளையம் அழகாக இருந்தது. அது போய்விட்டால் காலில் எது உரசும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்ப்பா, இது இருக்கட்டும்ப்பா" என்றேன்.

"எல்லாத்துக்கும் வேணாம், வேணாம். போயி அந்தப் பக்கத்துலேர்ந்து புடுங்கிட்டு வா."

அம்மா ஒரு நிமிஷம் விளக்குமாற்றை நிறுத்தி எங்களைப் பார்த்தாள். பிறகு அவளும் கூட்டப் போய்விட்டாள். நான் அந்தப் பக்கத்திலிருந்து பிடுங்கினேன். வேரில் ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் வாரி, ரோட்டோரப் பூவரச மரத்தில் கட்டியிருந்த எங்கள் மாட்டுக்கு முன்னால் போட்டோம். அம்மா சாணம் கரைத்துத் தெளித்து, தூணடியில் ஒரு கோலமும் போட்டாள். இடம் பளிச்சென்று இருந்தது.

ஜீப் வந்தது. ஆபீசர், அவருக்குப் பின்னால் காகிதக் கட்டோடு ஊர்க் கணக்குப்பிள்ளை, குடை பிடித்துக்கொண்டு பண்ணை ஐயா. மாமா சைக்கிளோடு ஓரமாக நின்றார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெற்குத் தெருக்காரர்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வந்திருந்தார்கள், பாருங்கள். யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார்கள்.

ஆபீசர் நல்ல மனுஷன்தான். பொறுமையாகத்தான் கேட்டார்.

"இது வயலா, திடலா?"

"திடலுங்க" என்றார் கணக்குப்பிள்ளை.

"வயலுங்க" என்றார் அப்பா.

"வயல்னா வரப்பு எங்க?"

"வெட்டிட்டேங்க. ராட்டின வண்டி வரணும்னு."

"யாரு வெட்டச் சொன்னா?"

அப்பா பண்ணை ஐயாவைப் பார்த்தார். ஐயா குடைக்குள்ளிருந்து ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் காட்டிக்கொடுப்பது அப்பாவுக்கு மரியாதையாகப் படவில்லை.

"நானாத்தாங்க வெட்டுனேன்."

மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்தப் போகத்துல என்ன பயிர்?"

"உளுந்துங்க."

"எங்க? ஒரு செடிகூடக் காணோமே."

"சுத்தம் பண்ணிட்டேங்க." அப்பா சொன்ன விதம் இருக்கிறதே, பெருமையாகச் சொன்னார். "நீங்க வர்றீங்கன்னு விடியக்காலைலதான் சுத்தம் பண்ணோம்."

ஆபீசர் பேனாவை மூடிவிட்டு அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. நான் கத்தினேன்: "மாடு திங்குது! எங்க உளுந்த மாடு திங்குது!"

"பாப்பா என்ன சொல்லுது?"

"அது கெடக்குதுங்க. பயந்த புள்ள. எப்பவும் இப்படித்தான் எதையாச்சும் சொல்லும்" என்று அப்பா என் வாயைப் பொத்தினார். அம்மா, "சார், மாட்டைப் பாருங்க சார்" என்று முன்னால் வந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மாடு அசை போட்டுக்கொண்டு நின்றது. முன்னால் வெறும் தரை.

ராட்டினக்காரரைக் கேட்டார்கள். இடம் கொடுத்தது யார் என்று. "பண்ணைதாங்க" என்றார் அவர். பொய் இல்லை. கடைசியாக ஆபீசர் வாய்க்கால் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "நீங்க சொல்லுங்கப்பா. இந்த எடத்துல இவருகிட்ட நடவுக்கு வந்திருக்கீங்களா?"

தோழியின் அப்பா என் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலையை அசைத்திருந்தால்கூடப் போதும். அப்பா துண்டைச் சரிபண்ணிக்கொண்டார்.

"எங்களுக்கு ராட்டினம் தள்ளத்தாங்க தெரியும்" என்றார் தோழியின் அப்பா.

ஜீப் போய்விட்டது. ராட்டினக்காரர் அன்றே எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றினார். திடல் என்று எழுதிப் போன இடத்தில் ஆனி மாதமே பண்ணை ஆட்கள் வரப்புப் போட்டு, டிராக்டர் விட்டு உழுது, குறுவை நட்டார்கள். அம்மா தனியாக நடவுக்குப் போய்க் கட்டுப்படியாகாமல் நானும் போனேன். பள்ளிக்கூடம் அதோடு போயிற்று.

நீங்கள் சிரிக்கிற ராட்டினத்தின் மீதிக் கதையையும் கேளுங்கள். என் முதல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். பிள்ளைகளை உட்கார வைத்துப் படமெடுக்க அங்கே ஒரு மரக்குதிரை. அதே கம்பீரமான முகம், வலது காது இருந்த இடத்தில் ஆணித் துளை. மோட்டார் ராட்டினங்கள் வந்த பிறகு கைராட்டினத்தை யாரும் கூப்பிடவில்லை, பாய்மரத்தை விறகுக்கு அறுத்துவிட்டார்கள், குதிரைகளை ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கடைக்காரர் சொன்னார். நான் குழந்தையை அதில் உட்கார வைக்கவில்லை. விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

காது எங்கே போனது என்று தலைமையாசிரியையிடம் மண்டபத்தில்தான் முதல்முறையாகக் கேட்டேன். நீங்கள் எல்லோரும் பந்திக்கு ஓடிய பிறகு. "காலேஜ் போற வரைக்கும் பெட்டியில வச்சிருந்தேன்டி" என்றாள். "அப்பறம்?" என்றேன். "அப்பறம் எதுக்கு?" என்றாள். நான் இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வா, சாப்பாடு ஆறுது என்று கையைப் பிடித்து எழுப்பினாள்.

சில வருஷத்துக்கு முன்பு வேறொரு காரியமாகத் தாலுகா ஆபீசுக்குப் போனபோது அந்த வயலின் பழைய கணக்கையும் எடுத்துக் காட்டச் சொன்னேன். சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. பயிர் என்ற இடத்திலும் ஒன்றும் இல்லை. கடைசிக் கட்டத்தில் அழகான கையெழுத்தில், 'ராட்டினம் நிற்கிறது' என்று எழுதியிருந்தது. பதினொரு வருஷம் உழுதவர் பெயர் ஏறவில்லை. ஒன்றரை நாள் சுற்றியது ஏறிவிட்டது.

அப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, திடீரென்று கேட்டார்:

"அன்னிக்கு அந்த உளுந்தப் புடுங்குறப்ப நீயாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

உளுந்து பிடுங்கிய அன்று எனக்கு வயது பத்து. வந்த எரிச்சலில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"சொன்னேனேப்பா. உங்க கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னேன்."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"நீ எதுக்குத்தான் வேணாம்னு சொல்லல?" என்றார்.

போர்வை விலகி அவருடைய பாதம் வெளியே தெரிந்தது. குளிர் ஏறிவிடுமோ என்று இழுத்து மூடினேன்.